படலில் கட்டிய ரிப்பன்

மேல்பட்டி,
எடப்புளி நாடு, கொல்லிமலை.
27.5.2024

பூங்குழலிக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நீ ஓடியதைப் பார்த்தேன். நலமாகத்தான் இருக்கிறாய்.

போன் செய்திருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கத்தத்தான் தோன்றும். அதுவும் சிக்னலுக்காகப் பாறை மேல் ஏறி நின்று கத்த வேண்டும், ஊரே கேட்கும். அதனால் அங்கன்வாடி நோட்டில் நான்கு தாளைக் கிழித்து எழுதுகிறேன். நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருக்கிறார்கள். எழுந்துவிட்டால் கடிதம் அந்த இடத்தோடு நிற்கும்.

பதினைந்து நாளைக்கு முன்னால் சேலத்திலிருந்து சுதாகர் என்று ஒருவர் வந்தார். கையில் இளஞ்சிவப்பு ரிப்பன் சுருள். "ஏனுங்க அக்கா, உங்க மிளகுக் காட்டு வழியா ஒரு நூத்தம்பது பேரு ஓடுனா பரவாயில்லீங்களா?" என்று கேட்டார். "எதுக்குங்க ஓடறாங்க, யாராச்சும் தொரத்தறாங்களா?" என்றேன். சிரித்தார். வனத்துறைப் பூங்காவில் கிளம்பி, பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றி, இருட்டுவதற்குள் மறுபடி பூங்காவுக்கே போய்விடுவார்களாம். வெயில் காலத்தில் மலைக்கு வந்து சும்மா ஓடுவதில் ஒரு சந்தோஷமாம். நான் காலையில் இரண்டு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு அதே மேட்டில் ஏறுகிறேன், எனக்கு இதுவரை ஒருவரும் கைதட்டவில்லை.

வாசல் மூங்கில் படலில் ஒரு ரிப்பனை வழி அடையாளமாகக் கட்டிக்கொண்டே, "எங்க க்ளப்புல பூங்குழலின்னு ஒருத்தங்க இருக்காங்க. அவங்களுக்கும் இந்தப் பக்கந்தானுங்க ஊரு" என்றார். நீ என் தங்கை என்று நான் சொல்லவில்லை. அம்மா போன பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வீட்டில் வளர்ந்தவள் என்றும், பிள்ளை இல்லாத எங்களுக்குப் பிள்ளையாக இருந்தவள் என்றும் சொல்லவில்லை. வளர்த்த மாமா, என் வீட்டுக்காரர், செத்து இரண்டரை மாதமாகியும் எட்டிப் பார்க்காதவள் என்று மட்டும் எப்படிச் சொல்வேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு நம்பிக்கை. ஓட்டத்தைச் சாக்கு வைத்தாவது துக்கம் கேட்க வருகிறாள் போல என்று நினைத்தேன். பக்கத்து வீட்டுச் சுப்பம்மாள் அக்காவிடம் சொன்னேன். அவர் இன்னும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு நான்கு மணிக்கே வந்து உள்ளே உட்கார்ந்துவிட்டார். நான் செம்புத் தண்ணீரோடு படலருகில் நின்றேன். கலர் கலராக ஓடினார்கள். தொப்பை வைத்த ஒருவர் என்னைப் பார்த்து "சூப்பர் அக்கா!" என்று கட்டைவிரலைக் காட்டினார். நான் என்ன சூப்பராகச் செய்துவிட்டேன், நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் நீ வந்தாய். நெஞ்சில் 118 என்று நம்பர். படலுக்கு முன்னால் நின்றாய். என்னைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். பிறகு திரும்பி ஓடிவிட்டாய்.

அழ வந்தவர்கள் கடுங்காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். போகும்போது சுப்பம்மாள் அக்கா கேட்டார்: "ஏன்டி தேனு, உந்தங்கச்சிக்கு மாமன் சாவைவிட ஓட்டம் பெருசாப் போச்சா?"

பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

தேன்மொழி


சேலம்
9.6.2024

அக்கா,

கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. கடைசியில் 'அக்கா' என்று போடாமல் பெயரைப் போட்டிருந்தாய். முதலில் அதைத்தான் பார்த்தேன்.

காலை ஆறு மணிக்கு டூட்டி ஆரம்பம். லேபில் ஒரு நாளைக்கு எண்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறேன். "வலிக்காதுங்க" என்று எண்பது முறை பொய் சொல்லிவிட்டு அறைக்கு வந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகத்தான் தெரியும் என்பதும் தெரியும்.

ஓட்டத்தைப் பற்றி நீ கிண்டலாக எழுதியிருக்கிறாய். எழுது. ஓடினால்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அதற்கு மேல் அதில் பெருமை ஒன்றும் இல்லை.

ஆனால் ஓட்டம்தான் பெரிதென்று நான் ஓடிவிட்டதாக ஊரெல்லாம் பேச வைத்திருக்கிறாயே, அது நியாயமா? நான் நின்றேன். ஓட்டத்தில் யாரும் நடுவில் நிற்பதில்லை, நான் நின்றேன். பின்னால் வந்தவர்கள் "என்னாச்சுங்க, கால் பிடிச்சுக்கிச்சா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நீ கையில் செம்போடு கல்லாட்டம் நின்றாய். உன் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் காத்திருந்தேன், அக்கா. ஒரு வார்த்தை. 'வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நம்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே வந்திருப்பேன். ரேஷன் கார்டு கேட்டு வருகிறவரைக்கூட 'வாங்க' என்று சொல்கிற வீடு அது. எனக்கு மட்டும் இல்லை.

அப்போதே புரிந்துவிட்டது, நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்று. மீதி நான்கு கிலோமீட்டரும் அழுதுகொண்டே ஓடினேன். கால் வலியில் அழுகிறேன் என்று நினைத்து ஒரு பையன் முழங்காலில் மருந்து அடித்துவிட்டான். பூங்காவில் மெடல் போட்டார்கள். அதைப் பைக்குள் போட்டவள் இன்னும் வெளியே எடுக்கவில்லை.

மாமாவின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருப்பாய். ஒரு காப்பி இருந்தால் தபாலில் அனுப்பு. அதையாவது செய்.

பூங்குழலி


மேல்பட்டி
24.6.2024

பூங்குழலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டேன். சிரிப்பதா, உன்னைத் தேடி வந்து இரண்டு அறை கொடுப்பதா என்று தெரியவில்லை.

நான் 'வா' என்று சொல்லவில்லையாம். எப்படிச் சொல்வேன்?

எழவு விழுந்த வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவரை யாராவது 'வா' என்று கூப்பிடுவார்களா? வருகிறவர் தானாக உள்ளே வர வேண்டும். உட்கார்ந்து அழ வேண்டும். எழுந்து, 'போய்விட்டு வருகிறேன்' என்று சொல்லாமல் போக வேண்டும். சொன்னால் அந்தத் துக்கமும் திரும்பி வரும் என்பார்கள். இரண்டு மாதம் கழித்து வந்தாலும் அதுதான், இரண்டு வருஷம் கழித்து வந்தாலும் அதுதான். இதை உனக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியிருக்கிறது.

அம்மா போனபோது சின்னம்மா மூன்றாம் நாள் வந்தார். நீ வாசலுக்கு ஓடிப் போய் "வாங்க சின்னம்மா!" என்று கத்தினாய். உன் மாமாதான் உன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு போய்ப் பலா மரத்தடியில் உட்கார வைத்து, "இன்னைக்கு அப்படிச் சொல்லக் கூடாது கண்ணு" என்று சொன்னார். ஏன் என்று நீ கேட்டாய். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பலாச்சுளை கொடுத்துச் சமாளித்தார். அதையும் மறந்துவிட்டாயா? சேலம் உன் தலையைத் துடைத்து எடுத்துவிட்டதா?

அந்தச் செம்புத் தண்ணீர் நீ கால் கழுவிக்கொள்ள வைத்திருந்தது. என் முகத்தில் ஒன்றும் இல்லை என்கிறாய். வாயைத் திறந்தால் 'வா' என்று வந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளின் முகத்தில் வேறு என்ன இருக்கும்?

சரி, அதை விடு. உனக்கு மறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் போன அன்று, மார்ச் பன்னிரண்டாம் தேதி, ஏன் வரவில்லை? பக்கத்துக் காட்டு ராசப்பன் உனக்குக் காலை ஏழு மணிக்கே போன் செய்தான். "சரிங்கண்ணா" என்று சொன்னாயாம். சாயங்காலம் நான்கு மணி வரை எடுக்காமல் வைத்திருந்தோம். சேலத்திலிருந்து நான்கு மணிக்குள் வர முடியாதா? லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே. எழுதினால் நான் நம்பிவிடுவேன், அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும்.

படம் இன்னும் பெரிதாக்கவில்லை. சேந்தமங்கலம் இறங்க நேரமில்லை. இருக்கிறது ஆதார் கார்டில் உள்ள படம்தான். அதில் அவர் யாரோ மாதிரி இருக்கிறார்.

தேன்மொழி


சேலம்
1.9.2024

அக்கா,

இதை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதையும் கிழித்துவிடுவேனோ என்று பயந்து, எழுதுவதற்கு முன்பே கவரில் ஸ்டாம்ப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

பலா மரத்தடி ஞாபகம் வந்தது. நீ எழுதிய பிறகுதான் வந்தது. படலருகில் நின்றபோது வரவில்லை. அப்போது என் தலைக்குள் வேறொன்று இருந்தது. அதனால்தான் நீ பேசாமல் நின்றதை நான் அப்படி எடுத்துக்கொண்டேன். உனக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். பிப்ரவரி கடைசி செவ்வாய்க்கிழமை மாமா எனக்குப் போன் செய்தார். பாறை மேலிருந்துதான் பேசியிருப்பார், காற்று இரைந்தது. முந்தின நாள் இன்னொருத்தியின் டூட்டியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு நான் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். எதிரில் முப்பது பேர் வரிசை.

"கண்ணு, ரெண்டு மூணு நாளா நெஞ்சுல என்னமோ பாரமாவே இருக்குது. நீ வேலை செய்யற ஆஸ்பத்திரிக்கு வந்தாப் பாப்பாங்களா?" என்று கேட்டார்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மாமா, இங்க கூட்டம் நிக்குது. அது கேஸ் ட்ரபிளா இருக்கும், ஓமத்தண்ணி குடிங்க. டூட்டில இருக்கறப்பச் சும்மா சும்மா கூப்புடாதீங்க."

"சரி கண்ணு, நீ வேலையப் பாரு" என்றார். அவ்வளவுதான். நான் திரும்பக் கூப்பிடவில்லை. அன்று சாயங்காலம் நினைத்தேன், நாளைக்குக் கூப்பிடலாம் என்று. அடுத்த நாளும் நினைத்தேன். பதினான்காம் நாள் ராசப்பன் அண்ணன் கூப்பிட்டார்.

எனக்குத் தெரியாததா, அக்கா? நெஞ்சு பாரம் என்று வருகிறவர்களுக்குத் தினமும் ரத்தம் எடுப்பது நான்தான். வேறு யாராவது வரிசையில் நின்று அப்படிச் சொல்லியிருந்தால் வீல்சேருக்குக் குரல் கொடுத்திருப்பேன். மாமா சொன்னார், ஓமத்தண்ணி குடிக்கச் சொன்னேன்.

அன்று நான் வராமல் இல்லை. பதினொரு மணிக்கே சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். மலை பஸ் மூன்று போயிற்று. மூன்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏறினால் எழுபது வளைவும் அவர் குரலைக் கேட்டுக்கொண்டே வர வேண்டும், வந்து உன் முகத்தைப் பார்க்க வேண்டும். என்னால் முடியவில்லை. மூன்று மணிக்குச் சேலம் பஸ் ஏறிவிட்டேன்.

மே மாத ஓட்டத்துக்கு அந்த வழியைச் சுதாகரிடம் சொன்னதே நான்தான். பூங்கா, ஓடை, சில்வர் ஓக் தோப்பு, நம் காடு, படல் எல்லாம் நான் பேப்பரில் வரைந்து கொடுத்தது. தனியாக ஏற முடியாதவள் நூற்றைம்பது பேரோடு ஏறிவிடலாம் என்று நினைத்தேன். ஓடி வந்தால் யோசிக்க நேரமிருக்காது, வந்த வேகத்தில் உள்ளே போய் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன். படல் வரைக்கும் நான் நினைத்தபடிதான் நடந்தது.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. பதில் போடாவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

பூங்குழலி


மேல்பட்டி
6.4.2025

பூங்குழலிக்கு,

ஏழு மாதம் பதில் போடவில்லை. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு உன் மேல் கோபம். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, கோபம் போகவில்லை. போன மாதம் அவருக்கு வருஷம் திரும்பியது. "குழலிக்குச் சொல்லட்டுங்களா?" என்று ராசப்பன் கேட்டான். வேண்டாம் என்றேன். அதையும் தெரிந்துகொள்.

பிறகு மிளகு பறிப்பு வந்தது. அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

நீ சொன்ன போன் விஷயம் எனக்கு அன்றைக்கே தெரியும். பாறையிலிருந்து இறங்கி நேராகக் காட்டுக்கு வந்து, "குழலிகிட்டக் கேட்டுட்டேன். வெறும் கேஸுதானாமா. புள்ள பாவம், ஒரே கூட்டத்துல நிக்குது" என்று சிரித்தார். அவர் முகம் தெளிந்துவிட்டது. எனக்கும் நிம்மதி. ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தேன். நீ இதைப் படித்துவிட்டு, உன்னைச் சமாதானப்படுத்த எழுதுகிறேன் என்று நினைக்காதே. சமாதானப்படுத்துகிற நிலையில் நான் இல்லை.

மார்ச் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, "நாளைக்கு நாமக்கல் போயி ஒருக்கா காட்டிட்டு வந்தரலாமா தேனு?" என்று அவராகவே கேட்டார். டாக்டரிடம் போகலாம் என்று அவர் வாயால் கேட்டதை முப்பது வருஷத்தில் நான் அன்றுதான் கேட்டேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னும் நாலு மரந்தானுங்க இருக்குது. பறிச்சுப்போட்டு நிம்மதியாப் போலாம்." பழுத்த மிளகு உதிர்ந்துவிடும் என்று எனக்குக் கவலை.

திங்கட்கிழமை முழுக்க மிளகுக்கொடி படர்ந்த அந்த நான்கு மரத்திலும் ஏறினார். ஒற்றை மூங்கில் ஏணி, கீழே பிடித்துக்கொண்டு நின்றவள் நான். நடுவில் இரண்டு முறை ஏணியிலேயே நின்று மூச்சு வாங்கினார். "என்னங்க?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். செவ்வாய்க்கிழமை விடிகாலையில் ராசப்பன் வேனில் ஏற்றினோம். நாற்பத்தோராவது வளைவில் என் தோளில் தலை கனத்துப் போயிற்று. மீதி வளைவுகளை நாங்கள் சும்மாதான் இறங்கினோம். பிறகு திரும்பி ஏறினோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சுப்பம்மாள் அக்காவிடம்கூட இல்லை. உன்னைத் திட்டிக்கொண்டிருந்த வரைக்கும் இது எனக்குள் அடங்கிக் கிடந்தது. நீ எழுதிய பிறகு உன்னைத் திட்ட முடியவில்லை, இது எழுந்துகொண்டது. கோபம் அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது.

நீ கேஸ் என்றாய். நான் நாலு மரம் என்றேன். இதில் யார் செய்தது பெரிது என்று நமக்குள் போட்டி போட்டு என்ன ஆகப் போகிறது. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. என்னையே மன்னிக்கத் தெரியாதவள் உன்னை எந்தக் கையால் மன்னிப்பது? ரொம்பக் களைப்பாக இருக்கிறது, கண்ணு. அவ்வளவுதான்.

இந்த வருஷம் மற்ற மரங்களைப் பறித்தோம். அந்த நான்கை நான் தொடவிடவில்லை. பழுத்து உதிர்ந்து கிடக்கிறது. ராசப்பன் திட்டுகிறான், குருவிகள் தின்கின்றன.

சுதாகர் நேற்று மறுபடி ரிப்பனோடு வந்தார். மே இருபத்து நான்காம் தேதியாம். அதே வழி. படலைத் திறந்து வைத்திருப்பேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது. ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

தேன்மொழி


சேலம்
11.5.2025

அக்கா,

பெயர் கொடுத்துவிட்டேன். இந்த முறை நம்பர் 64.

வலது முழங்கால் ஆறு மாதமாகச் சரியில்லை. ஓடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஓடப் போவதில்லை, நடப்பேன். கடைசியாகத்தான் வருவேன். சுப்பம்மாள் அக்காவை நான்கு மணிக்கே உட்கார வைக்காதே, பாவம், இடுப்பு வலிக்கும்.

பஸ்ஸில் வரலாமே என்று நீ நினைப்பாய். பஸ் ஸ்டாண்டில் மறுபடி உட்கார்ந்துவிடுவேனோ என்று எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை. கூட்டத்தோடு வருகிறேன்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். உன் நாலு மரத்தை நினைத்து நான் அழுதேன், என் ஓமத்தண்ணியை நினைத்து நீ அழுதிருப்பாய். தனித்தனியாக அழுதது போதும்.

நீ வாயைத் திறக்க வேண்டாம். நான் இந்த முறை காத்திருக்க மாட்டேன்.

பூங்குழலி


சேலம்
28.5.2025

அக்கா,

சொல்லாமல் கிளம்புவது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. படலைத் தாண்டும் வரை 'வாரேன் அக்கா' என்பது வாயிலேயே நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டு நடந்தேன். அதனால்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பாக நினைத்துக்கொள்ளாதே.

உள்ளே நடந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாததை எழுதுகிறேன்.

பூங்காவிலேயே நான்தான் கடைசி. எனக்குப் பின்னால் சண்முகப்பிரியா என்று ஒரு பெண், காலேஜில் படிக்கிறாள். அவளுக்கு வேலையே கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான். ஓட்டம் போன வழியில் ஒருவரும் தவறிவிடாமல் பார்த்துக்கொண்டு, கட்டிய ரிப்பன்களை எல்லாம் அவிழ்த்துக்கொண்டே வர வேண்டும். அவளுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, அது சட்டம். நான் நடக்க, அவள் அவிழ்க்க, ஓடை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் இரண்டாகக் கழன்றுவிடும் போல வலித்தது. "அக்கா, வண்டி வரச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டாள். வேண்டாம், இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு வீடு இருக்கிறது என்றேன்.

நான்கு மரத்தடியையும் கடந்தோம். உதிர்ந்த மிளகு ஷூவுக்கு அடியில் நசுங்கி, மழையோடு சேர்ந்து அந்த வாசனை வந்தது. நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

படல் திறந்திருந்தது. நீ செம்போடு நின்றாய். அக்கா, உண்மையைச் சொல்கிறேன். காத்திருக்க மாட்டேன் என்று வீராப்பாக எழுதியவள், அங்கே வந்ததும் மறுபடி நின்றுவிட்டேன். எல்லாம் தெரிந்தும் என் காது அந்தச் சொல்லுக்காகவே காத்துக்கொண்டிருந்தது. "நீ போம்மா, நான் இங்கயே நின்னுக்கறேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நீங்க நின்னா நானும் நிக்கோணுங்க அக்கா. ரெண்டு பேரும் நனையறோம். போறதுன்னா உள்ள போலாங்க" என்றாள். என்னை உள்ளே அனுப்பியது அவள்தான். இல்லாவிட்டால் போன வருஷம் போலவே ஆகியிருக்கும்.

அவளும் என் பின்னாலேயே வந்து ரிப்பன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாளே, பார்த்தாய் அல்லவா? நம்மைவிடச் சத்தமாக அழுதாளே என்று சுப்பம்மாள் அக்கா ஆச்சரியப்பட்டிருப்பார். க்ளப் வேனில் சேலம் திரும்பும்போது சொன்னாள். கொரோனாவில் அவள் அப்பா போய்விட்டாராம். முகத்தைக்கூடக் காட்டவில்லை, வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. "கட்டிப் புடிச்சு அழுகறதுக்கு அன்னைக்கு ஆளில்லீங்க அக்கா" என்றாள்.

பூங்காவில் எங்களைக் காணோம் என்று விசில் ஊதித் தேடியிருக்கிறார்கள். நேரம் முடிந்துவிட்டது. பட்டியலில் என் பெயருக்கு எதிரில் 'முடிக்கவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். மெடல் கிடையாது. போன வருஷத்து மெடலை எடுத்துப் பார்த்தேன், எனக்கு இந்த 'முடிக்கவில்லை'தான் சரி என்று பட்டது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி நேரம் தூங்கினேன். முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறது. வலிக்கிறது. பரவாயில்லை.

குழலி


மேல்பட்டி
8.6.2025

குழலிக்கு,

உன் கடிதத்தைச் சுப்பம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளைக்கு மகராசியா ஒரு பலாப்பழம் குடுத்துவுடு" என்று அந்தச் சண்முகப்பிரியாவுக்காக ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். பஸ்ஸில் போட்டு அனுப்பினால் சேலம் போவதற்குள் டிரைவர் பாதியைத் தின்றுவிடுவார். என்ன செய்வது என்று நீயே சொல்.

உங்கள் சுதாகருக்கு நான் சொன்னதாக மன்னிப்புக் கேள். உங்களைத் தேடிப் பைக்கில் வந்தவர், மழையில் படலுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஏனுங்க, உள்ள வரலாமுங்களா?" என்று நான்கு முறை கேட்டார். நாங்கள் ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. உங்கள் அழுகையில் உங்களுக்குக் கேட்டிருக்காது. பாவம், நன்றாக நனைந்து திரும்பிப் போனார். நம் ஊரைப் பற்றி என்ன நினைத்தாரோ.

நீ போன பிறகு அந்த நான்கு பேரும் கிளம்பினார்கள். வீடு காலியானது. ஒன்றேகால் வருஷமாகக் காலியாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்று உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவர் போனதிலிருந்து நின்றபடியேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. களைப்பு போய்விடவில்லை. காலையில் குடம் தூக்கும்போது இருக்கிறது. அது இருக்கும் போல.

அந்தப் பெண் எல்லா ரிப்பனையும் அவிழ்த்தவள், நம் படலில் கட்டியிருந்ததை விட்டுவிட்டாள். அழுத கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நானும் அவிழ்க்கவில்லை. மழையில் வெளுத்துப்போய் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்த நான்கு மரத்திலும் கொடி புதிதாகத் துளிர்த்திருக்கிறது. இந்த மழைக்குப் பூ இறங்கும், தையில் பழுக்கும். இனியும் குருவிக்கு விட்டால் ராசப்பன் என்னைச் சும்மா விட மாட்டான். அவன் ஏறுகிறேன் என்கிறான். ஏணியைப் பிடிக்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் இரண்டு கை வேண்டும்.

துக்கம் கேட்டாகிவிட்டது. இனி யாரும் என் வாயைப் பொத்த முடியாது.

வா, கண்ணு. பஸ்ஸிலேயே வா.

உன் அக்கா